பாலிஸ்டைரீன்: கோர்ஸ் கிரெயின் ஓட்டத்திலிருந்து ஃபைனைட் எலிமென்ட்டுக்கு எதை எடுத்துப் போகலாம்?

கேள்வி
அட்டாக்டிக் (பக்கக் குழுக்கள் ஒழுங்கின்றி அமைந்த) பாலிஸ்டைரீன் உருகல், 500 கெல்வின். 50 மோனோமர் நீளத்தில் 200 சங்கிலிகள், மோனோமருக்கு ஒரு மணி (பல அணுக்களை ஒரே மணியாகச் சுருக்கும் கோர்ஸ் கிரெயின் மாதிரி). ஜி(ஆர்), அதாவது மணிகளுக்கிடையே உள்ள தூரங்களின் பரவல், பொருந்தும்வரை திரும்பத் திரும்பத் திருத்தும் இட்டரேட்டிவ் போல்ட்ஸ்மன் முறையில் பொட்டன்ஷியல் எடுத்தேன், லாம்ப்ஸ் என்ற மூலக்கூறு இயக்க மென்பொருளில் ஓடுகிறது. ஜி(ஆர்) அணு நிலை வளைவோடு பொருந்துகிறது. ஆனால் அழுத்தம் பல ஆயிரம் பார். என்பிடியில் (அழுத்தமும் வெப்பநிலையும் மாறாத ஓட்டம்) விட்டால் பெட்டி ஊதிவிடுகிறது. ஜி(டி) வளைவில், அதாவது விறைப்பு நேரத்தோடு தளரும் வளைவில், ரப்பர் போல விறைப்பு சற்று நிலைக்கும் சமதளமே இல்லை. பொருளைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட்டுக்காக, ப்ரோனி தொடருக்கு (ஜி(டி)யை அடுக்குக்குறிச் சிதைவுகளின் கூட்டலாக எழுதுவது) இதைப் பொருத்தலாமா?

பதில் 1
அழுத்தத்துக்கு நேர்கோட்டுத் திருத்தம் போதும். ஜோடிப் பொட்டன்ஷியலோடு A(1 − r/rc) சேர்க்க வேண்டும்; r மணிகளின் தூரம், rc பொட்டன்ஷியல் முடியும் தூரம். அழுத்தம் கூடுதலாக இருந்தால் A எதிர்க்குறி, அளவு 0.1 கேடியில் (வெப்ப ஆற்றல் அலகு) தொடங்கி, இலக்கை நெருங்க நெருங்கக் குறைக்கவும். ஒரே அடியில் பெரிய A போட்டால் ஜி(ஆர்) கெடும். அதனால் ஒரு சுற்று அழுத்தம், ஒன்றிரண்டு சுற்று போல்ட்ஸ்மன் என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

பதில் 2
சமதளம் வராததற்குக் காரணம் பொட்டன்ஷியல் இல்லை. 50 மோனோமர் என்றால் 5,200 கிராம்/மோல். பாலிஸ்டைரீனில் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னும் சிக்கல்களுக்கிடையே உள்ள நிறையோ சுமார் 17,000. சிக்கலே விழாத சங்கிலி, ரவுஸ் தளர்வு (சிக்கலற்ற சங்கிலியின் தளர்வு) மட்டும்தான் காட்டும். 0.2 மெகாபாஸ்கல் அளவிலான சமதளம் வேண்டுமென்றால் குறைந்தது 5 சிக்கல் நீளம், அதாவது 820 மோனோமர். அதன் முனை-முனை தூரம் சுமார் 19 நானோமீட்டர். 20 நானோமீட்டர் பெட்டியில் 44,000 மணி அடங்கும். சங்கிலி ஐம்பத்துச் சொச்சம்தான், கணினிக்குப் பாரமில்லை.

பாரம் சமநிலைப்படுத்துவதில்தான். தளர்வு நேரம் நீளத்தின் 3.4 அடுக்கில் ஏறும், காத்திருந்து பயனில்லை. சரியான சங்கிலி விறைப்போடு ரேண்டம் வாக் முறையில் கட்டி, விலக்கு விசையை மெல்ல ஏற்றி, பிறகு இரட்டைப் பாலம் மாற்றும் (இரு சங்கிலிகளின் பிணைப்புகளை மாற்றிக் கட்டும்) மான்டே கார்லோ நகர்வுகளைச் சேருங்கள். மணிகள் மென்மையானவை என்பதால் சங்கிலிகள் ஒன்றையொன்று ஊடுருவுகின்றனவா என்று ப்ரிமிடிவ் பாத் ஆய்வில் (சங்கிலிகளை இறுக்கிச் சிக்கல்களைக் காணும் முறை) பார்த்துவிடவும். ஊடுருவினால் எவ்வளவு நீளம் போட்டாலும் சமதளம் வராது.

ஜி(டி)க்குத் தகைவின் ஒரே ஒரு வெட்டுக்கூறை (ஷியர்) வைத்துக்கொண்டு திண்டாட வேண்டாம். மூன்று வெட்டுக்கூறுகளையும் மூன்று நெடுக்கைத் தகைவு வேறுபாடுகளையும் சராசரியில் சேர்த்தால் இரைச்சல் நன்றாகக் குறையும். வெப்பநிலையை நிலைநிறுத்தும் முறைகளில், உராய்வால் பிடித்து இழுக்கும் லாஞ்ச்வின் தெர்மோஸ்டாட் இயக்கத்தையே மாற்றிவிடும், நோஸே-ஹூவர் மேல்.

கேட்டவர்
நன்றி. கோர்ஸ் கிரெயின் நேர அச்சை உண்மை நேரத்துக்கு எப்படி மாற்றுவது? கன அளவு மீள்மைக் குணகத்தையும் இதே ஓட்டத்திலிருந்து எடுக்கலாமா?

பதில் 1
கன அளவுக் குணகத்தை எடுக்கக் கூடாது. அழுத்தத் திருத்தம் அமுக்குத்திறனைக் குலைத்துவிடும். இரண்டும் ஒரே பொட்டன்ஷியலில் சரியாக வராது. கன அளவுக் குணகத்தை அணு நிலை என்பிடி ஓட்டத்தின் கன அளவு ஏற்ற இறக்கத்திலிருந்து எடுங்கள். நேரத்துக்கு, அணு நிலையிலும் கோர்ஸ் கிரெயினிலும் ஒரே நீளச் சங்கிலிகளின் நிறை மையப் பரவலை ஒப்பிட்டு விகிதம் காணவும். அந்த விகிதம் வெப்பநிலையோடு மாறும், 500இல் எடுத்ததை 420இல் போடாதீர்கள். பொட்டன்ஷியலும் அப்படித்தான்.

பதில் 2
ப்ரோனிக்கு ஒரு பத்தடுக்கு நேரத்துக்கு ஒரு உறுப்பு, கெழுக்கள் எதிர்க்குறி ஆகாதபடி பொருத்தினால் போதும். பாய்சான் விகிதம் 0.5ஐ ஒட்டி வரும், எனவே ஃபைனைட் எலிமென்ட்டில் ஹைப்ரிட் கூறுகளையே (அழுத்தத்தைத் தனி மாறியாகக் கணக்கிடுபவை) தேர்ந்தெடுங்கள். சாதாரணக் கூறுகள் பூட்டிக்கொண்டு பொய்யான விறைப்பைக் காட்டும்.