பிடிஎஸ் முடித்தவருக்கு விசா ஸ்பான்சருடன் வெளிநாட்டு வேலை: முதலில் எதைப் பிடிப்பது?

குடியாத்தம் பல் மருத்துவர் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். பிடிஎஸ், இன்டர்ன்ஷிப் இரண்டும் முடித்துவிட்டு வேலூரில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். தினமும் குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். கிளினிக்கில் தரும் சம்பளத்தில் படிப்புக் கடனின் வட்டியைக் கட்டுவதே பெரும் பாடாக இருக்கிறது. அப்பாவுக்கு வயதாகிறது. வெளிநாடு போனால்தான் விடிவு என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கும் அந்த ஆசை இருக்கிறது.

இங்கிலாந்தில் உள்ள கிளினிக்குகளுக்கு நிறைய மெயில் போட்டேன். பெரும்பாலும் பதிலே இல்லை. வந்த ஒன்றிரண்டு பதிலிலும் “ஜிடிசி எண் இருக்கிறதா?” என்றுதான் கேட்டார்கள். ஜிடிசி என்பது பிரிட்டனின் பல் மருத்துவக் கவுன்சிலாம். இதற்கிடையில் ஒரு ஏஜெண்ட், 6 லட்சம் கொடுத்தால் டென்டல் தெரபிஸ்ட்டாக (பல் மருத்துவருக்கு அடுத்த நிலைப் பணியாளர்) ஸ்பான்சர் லெட்டர் (விசாவுக்காக வேலை கொடுப்பவர் தரும் உறுதி) வாங்கித் தருகிறேன், தேர்வெல்லாம் அங்கே போன பிறகு எழுதிக்கொள்ளலாம் என்கிறார். முன்பணம் 2 லட்சம் கேட்கிறார். அம்மா நகையை வைத்துக் கொடுக்கலாம் என்ற அளவுக்கு வீட்டில் பேச்சு வந்துவிட்டது. ஸ்பான்சரை எப்படித் தேடுவது? இந்த ஏஜெண்ட் சொல்வது நடக்கிற காரியமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆரணிக்காரர், இப்போது பர்மிங்காம்:

தங்கச்சி, முதலில் நகையை வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள். அந்த வழி அடைபட்டுப் போன வழி. வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர்கள் தங்கள் பிடிஎஸ் பட்டத்தை வைத்தே டென்டல் தெரபிஸ்ட், ஹைஜீனிஸ்ட் (பல் சுத்தம் செய்பவர்) என்று ஜிடிசியில் பதிவு செய்ய முன்பு இடம் இருந்தது. நிறைய பேர் அப்படி வந்தார்கள். 2023 மார்ச் 8 முதல் சட்டத்தை மாற்றி அதை நிறுத்திவிட்டார்கள். ஏஜெண்ட் பழைய கதையை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார். டென்டல் நர்ஸ் வேலைக்கு அனுப்புகிறேன் என்று வேறு யாராவது வந்தாலும் கேட்காதீர்கள். 2025 ஜூலை 22 முதல், திறன்சார் வேலைக்கான ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்குப் பட்டப்படிப்பு நிலை வேலையாக இருக்க வேண்டும் என்று உயர்த்திவிட்டார்கள். பல் மருத்துவர் அந்த நிலையில் இருக்கிறார், டென்டல் நர்ஸ் வேலை இல்லை.

உங்கள் மெயிலுக்குப் பதில் வராததற்குக் காரணம் உங்கள் திறமை இல்லை. ஜிடிசி பதிவு இல்லாதவர் இங்கே ஒரு நோயாளியின் வாயைத் தொட முடியாது, அப்படிப்பட்டவரை எந்தக் கிளினிக்கும் ஸ்பான்சர் செய்யாது. அதனால் முதலில் பதிவு, அப்புறம் வேலை, அதற்கும் பிறகுதான் ஸ்பான்சர்.

பதிவுக்கு இரண்டு வாசல். ஒன்று வெளிநாட்டில் படித்தவர்களுக்காக ஜிடிசி வைத்திருக்கும் ஓஆர்இ தேர்வு, இன்னொன்று ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் ஆஃப் இங்கிலாந்து நடத்தும் எல்டிஎஸ் தேர்வு. ஓஆர்இ எழுத 1600 மணி நேரம் நீங்களே நேரடியாக நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்த அனுபவத்தைக் காட்ட வேண்டும். ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 7, எந்தப் பிரிவிலும் 6.5க்குக் குறையக் கூடாது. முதல் பகுதி எழுத்துத் தேர்வு. இரண்டாம் பகுதியில் பொம்மைத் தலையில் பல் வேலை, ஓஎஸ்சிஇ (நிலையம் நிலையமாகப் போய்ச் செய்துகாட்டும் தேர்வு), நோய் கண்டறிந்து சிகிச்சைத் திட்டம் போடுவது, அவசர சிகிச்சை என்று நான்கு உண்டு. முதல் பகுதிக்கு நான்கு வாய்ப்புகள்தான்.

படிப்பைவிட இடம் கிடைப்பதுதான் கஷ்டம் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். முன்பதிவு திறந்தால் நிமிடங்களில் இடம் தீர்ந்துவிடும். இரண்டாம் பகுதிக் கட்டணமே 4000 பவுண்டுக்கு மேல். விமானச் செலவு, தங்கும் செலவு தனி. இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

சத்துவாச்சாரி வாசகர்:

ஏஜெண்ட் பற்றி மட்டும் சொல்கிறேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. 6 லட்சம் என்ற பேச்சிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அவர்கள் வெளியிடும் மருத்துவத் துறை அறிவிப்புகளையும் பார்த்து வாருங்கள்.

குடியாத்தம் பல் மருத்துவர்:

ரொம்ப நன்றி அண்ணா, நன்றி சார். பணம் கொடுக்கவில்லை, அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டிவிட்டேன். இன்னொரு சந்தேகம். பதிவு கிடைத்துவிட்டால் ஸ்பான்சர் தானாக வந்துவிடுமா? எனக்கு முன்னே படித்த ஒரு அக்காவுக்கு ஜிடிசி எண் இருக்கிறது, ஆனாலும் ஸ்பான்சர் அமையவில்லை என்கிறார்.

ஆரணிக்காரர், இப்போது பர்மிங்காம்:

நல்ல கேள்வி. இங்கே பெரும்பாலான அசோசியேட்கள், அதாவது இன்னொருவர் கிளினிக்கில் வேலை செய்யும் பல் மருத்துவர்கள், சம்பளக்காரர்கள் இல்லை, சுயதொழில் கணக்கில் வேலை செய்கிறவர்கள். செய்த வேலைக்குத் தகுந்த வருமானம். விசாவுக்கோ, குறிப்பிட்ட சம்பளத்தை ஸ்பான்சர் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாததால் ஒரு டாக்டர் இரண்டு நாற்காலி வைத்து நடத்தும் சின்னக் கிளினிக்குகள் பின்வாங்கிவிடுகின்றன. பெரும்பாலும் அவர்களிடம் ஸ்பான்சர் லைசென்ஸே (வெளிநாட்டவருக்கு ஸ்பான்சர் செய்ய அரசு தரும் அனுமதி) இருக்காது. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் பெரிய குழுமங்களும் மருத்துவமனைகளும்தான் இதற்கு வழி.

யாரிடம் லைசென்ஸ் இருக்கிறது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பிரிட்டன் உள்துறை அந்தப் பட்டியலைத் தன் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. அதை இறக்கி, டென்டல் என்று தேடி, அந்தப் பெயர்களுக்கு மட்டும் எழுதும்படி அந்த அக்காவிடம் சொல்லுங்கள். லண்டனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். கடலோரச் சிற்றூர்களிலும் கிராமப்புறங்களிலும் என்எச்எஸ் (அரசுச் சுகாதாரச் சேவை) பல் மருத்துவர் கிடைக்காமல் மக்கள் தவிக்கிறார்கள், அங்கேதான் ஸ்பான்சர் செய்ய மனசு வருகிறது. என்எச்எஸ் நோயாளிகளைப் பார்க்க பெர்ஃபார்மர்ஸ் லிஸ்ட் (என்எச்எஸ் வேலைக்கு அனுமதிக்கப்பட்டவர்கள் பட்டியல்) எண்ணும் வேண்டும். வெளிநாட்டில் படித்தவர்கள் முதலில் ஒரு மூத்தவரின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டியிருக்கும். நேர்காணலிலேயே, “எனக்கு மேற்பார்வையாளர் யார்?” என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்துக்குப் போக வேண்டாம்.

சர்டிபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப் (விசாவுக்கான ஸ்பான்சர் சான்று) கட்டணத்தையும் லைசென்ஸ் கட்டணத்தையும் வேலை கொடுப்பவர்தான் கட்ட வேண்டும், ஊழியரின் தலையில் கட்டக் கூடாது. சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன் என்றாலும் ஒத்துக்கொள்ளக் கூடாது. பல் மருத்துவருக்கு, சுகாதாரத் துறையினருக்கான ஹெல்த் அண்ட் கேர் விசா பொருந்தினால், விசாவோடு கட்டும் சுகாதாரக் கூடுதல் கட்டணமும் கிடையாது.

ஆம்பூர் அக்கா, இப்போது துபாய்:

கடன் இருக்கிற பிள்ளைக்கு நான் வளைகுடாவையும் யோசிக்கச் சொல்வேன். எங்கள் பக்கத்தில் தோல் வேலைக்கும் ஷூ வேலைக்கும் வெளிநாடு போவது பழகிப்போன விஷயம், அதனால் வீட்டாரும் பயப்பட மாட்டார்கள். இங்கே வரிசை இப்படி: சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் சரிபார்க்கும், அப்புறம் ப்ரோமெட்ரிக் என்ற தேர்வு மையத்தில் கணினித் தேர்வு, பாஸானால் லைசென்ஸுக்குத் தகுதி உண்டு என்ற எலிஜிபிலிட்டி கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடினால், எடுத்துக்கொள்ளும் கிளினிக் லைசென்ஸை உங்கள் பெயரில் உயிர்ப்பித்து விசாவும் போடும். செலவும் காலமும் இங்கிலாந்தைவிடக் குறைவு. இன்டர்ன்ஷிப்புக்குப் பிறகான அனுபவத்தைக் கேட்பார்கள். அனுபவத்தில் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சவூதியில் மட்டும் பல் மருத்துவ இடங்களில் சொந்த நாட்டவருக்கான பங்கை உயர்த்திக்கொண்டே வருகிறார்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கமிஷன் மட்டும் என்று ஆஃபர் வந்தால் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கம்மா. நோயாளி வராத மாதத்திலும் வாடகை கட்டியாக வேண்டும்.

வாலாஜாக்காரர், இப்போது மெல்போர்ன்:

ஆஸ்திரேலியாவையும் சேர்த்துப் பாருங்கள் டாக்டர். ஏடிசி (ஆஸ்திரேலியப் பல் மருத்துவக் கவுன்சில்) எழுத்துத் தேர்வை இந்தியாவிலிருந்தே எழுதலாம், செய்முறைத் தேர்வுக்கு மட்டும் மெல்போர்ன் வர வேண்டும். செய்முறை கடினம், செலவும் அதிகம். ஆனால் அது முடிந்தால் ஸ்பான்சரையே சார்ந்திருக்க வேண்டியதில்லை. மாநிலங்கள் பரிந்துரைக்கும் 190, 491 என்ற எண்ணுள்ள விசாக்களுக்கு முதலாளியின் ஸ்பான்சர் தேவையில்லை. இங்கே பதிவு கிடைத்தால் நியூசிலாந்திலும் அதை வைத்துப் பதிவு செய்ய முடியும்.

குடியாத்தம் பல் மருத்துவர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கடனை நினைத்தால் துபாய் முதலில், அங்கே சம்பாதித்துக்கொண்டே ஏடிசி எழுதலாம் என்று தோன்றுகிறது. இப்போதே வேலூரில் இருந்தபடி தொடங்க வேண்டியது என்ன?

ஆம்பூர் அக்கா, இப்போது துபாய்:

சரியான முடிவு. காகிதத்தில் தொடங்குங்கள். நம் ஊர்க் கிளினிக்குகளில் பலர் சம்பளத்தைக் கையில்தான் கொடுக்கிறார்கள், பின்னால் டேட்டாஃப்ளோ கேட்கும்போது நிரூபிக்க ஒன்றும் இருக்காது. உங்கள் டாக்டரிடம் இந்த மாதத்திலிருந்தே வங்கியில் போடச் சொல்லுங்கள். லெட்டர்ஹெட்டில், சேர்ந்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன சிகிச்சை செய்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு காலாவதியாகாமல் இருக்க வேண்டும், உங்கள் மேல் புகார் இல்லை என்று கவுன்சில் தரும் குட் ஸ்டாண்டிங் சான்றிதழைத் தேவைப்படும் நேரத்தில் வாங்குங்கள், பழையதை ஏற்க மாட்டார்கள். எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு (பாடவாரியான படிப்பு விவரச் சான்று) சென்னை கிண்டிக்கு அலைய வேண்டியிருக்கலாம், காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்தால் வேலையை முடித்துக்கொண்டு இரவுக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். பாஸ்போர்ட்டிலும் பட்டச் சான்றிதழிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வேறாக இருந்தால் அதைச் சரிசெய்த பிறகு டேட்டாஃப்ளோவுக்குப் பணம் கட்டுங்கள்.