தன்பாலீர்ப்பு மாணவருக்குத் தற்கொலை எண்ணம்: பள்ளி பெற்றோரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?

சாக்பீஸ் (கேள்வி)

அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி, 6 முதல் 12 வரை. கேலி, தற்கொலை எண்ணம் இரண்டையும் ஆசிரியர்கள் எப்படிக் கையாள வேண்டும் என்று இரண்டு பக்கத்தில் ஒரு நடைமுறைக் குறிப்பு தயாராகிறது. பொதுவான கேலி வரைக்கும் சரியாக வந்துவிட்டது. நடையையும் குரலையும் வைத்து 'ஒன்பது', 'பொட்ட' என்று விரட்டப்படும் பையன்கள், தோழியோடு பெயர் சேர்த்துச் சுவரில் கிறுக்கப்படும் பெண்கள் என்று வரும்போது முட்டுகிறது.

அப்படி ஒரு பிள்ளை "செத்துரலாம்னு இருக்கு" என்று சொன்னால் முதல் ஒரு மணி நேரத்தில் யார் என்ன செய்ய வேண்டும்? பெற்றோருக்கு எவ்வளவு சொல்வது? காரணத்தைச் சொன்னால் வீட்டில் அடி விழும், சொல்லாவிட்டால் நாளைக்குப் பள்ளி மேல் பழி வரும் என்று கமிட்டியில் இரண்டு கட்சி. இன்னொருவர், "பையனைக் கூப்பிட்டு நடையை மாத்திக்கச் சொன்னா பாதி தீந்துரும்" என்கிறார். அவருக்கும் பதில் வேண்டும்.

உளவியல்மேசை

கடைசியிலிருந்து வருகிறேன். நடையை மாற்றச் சொல்வது கேலி செய்தவர்கள் சொன்னதையே ஆசிரியர் வாயாலும் சொல்வது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை உங்களிடம் எதையும் சொல்லாது. யுனெஸ்கோவும் சென்னையின் சகோதரன் அமைப்பும் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 400 பால்புதுமை (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட) இளையோரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி நிர்வாகத்திடம் புகார் சொன்னவர்கள் 18 சதவீதம்தான். பாதிக்கு மேற்பட்டவர்கள் கேலிக்குப் பயந்து வகுப்பைத் தவிர்த்தார்கள், மூன்றில் ஒருவர் படிப்பையே விட்டார். புகார் வரவில்லை, ஆகவே பிரச்சினை இல்லை என்று எந்தத் தலைமையாசிரியராவது சொன்னால் இந்த 18ஐக் காட்டுங்கள்.

முதல் ஒரு மணி நேரத்துக்கு வருவோம். பிள்ளை யாரிடம் சொன்னதோ அந்த ஆசிரியர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவருடைய அடுத்த பீரியடை இன்னொருவர் எடுக்கட்டும். ஸ்டாஃப் ரூம் வேண்டாம், ஆள் நடமாட்டம் இல்லாத அறையாகப் பாருங்கள். கழிப்பறைக்குப் போனாலும் வாசல் வரை ஒருவர் கூடப் போகட்டும். பிறகு நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு யோசிச்சியா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா? அதுக்கு வேண்டியது கைக்கெட்டுற இடத்துல இருக்கா? எப்பன்னு நினைச்சிருக்கியா? இதுக்கு முன்னாடி முயற்சி பண்ணியிருக்கியா?" கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. சுற்றி வளைத்துக் கேட்டால்தான் "ஒன்னுமில்ல சார்" என்ற பதில் வரும்.

வழியும் நேரமும் மனதில் இருக்கிறது, அல்லது முன்பே முயன்றிருக்கிறது என்றால் அன்றைக்கே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு. தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது, பள்ளி வேனிலும் ஏற்றக் கூடாது. எதையாவது ஏற்கெனவே உட்கொண்டிருந்தால் 108. வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், டப்பாவோ அட்டையோ கிடைத்தால் கையோடு எடுத்துப் போங்கள். எண்ணம் மட்டும் இருக்கிறது, திட்டம் இல்லை என்றால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைப் பிள்ளையை வைத்துக்கொண்டே போடுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் யாரும் கூப்பிடுவதில்லை.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். "உன் உயிருக்கு ஆபத்துன்னா அதை மட்டும் சொல்லித்தான் ஆகணும். மத்தது உன் விஷயம், நீ சொல்லாம வெளிய போகாது." இந்த இரண்டு வாக்கியத்தைக் குறிப்பில் அப்படியே போடுங்கள்.

உங்கள் கமிட்டிச் சண்டைக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது ஆபத்து. பிள்ளைக்கு யார்மேல் ஈர்ப்பு என்பது இல்லை. சொல்லும் முறை ஏறத்தாழ இப்படி: "உங்க பையன் ரொம்ப மனவேதனையில இருக்கான். சாகணும்னு பேசினான். ஸ்கூல்ல சில பசங்க தொடர்ந்து கேலி பண்ணியிருக்காங்க, அதை நாங்க பாத்துக்கறோம். வீட்ல மருந்து மாத்திரை, பூச்சிமருந்து, எலிமருந்து எல்லாத்தையும் இன்னைக்கே வெளியேத்துங்க, இல்லன்னா பூட்டிச் சாவியை நீங்க வச்சுக்கங்க. ரெண்டு நாளைக்குத் தனியா விடாதீங்க. திட்டாதீங்க." நேரில் வரவழைத்து, பிள்ளை இன்னொரு அறையில் இருக்கும்போது சொல்லுங்கள். "என்னன்னு கேலி?" என்று கேட்பார்கள். "அவன் நடை, குரலை வச்சு" என்றால் போதும். அது பொய்யும் இல்லை.

மருந்தைப் பூட்டுவது சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். இளையோரிடம் எண்ணம் செயலாக மாறும் இடைவெளி பல சமயம் நிமிடக் கணக்குதான். கைக்கு எட்டவில்லை என்றால் அந்த அலை தணிய நேரம் கிடைக்கிறது. கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்த இலங்கையில் 1995க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது.

நெடும்படி

மேலே உள்ளதை ஏற்கிறேன். சட்டப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் பள்ளிகள் இங்கேதான் குழம்பி, தேவையில்லாத இடத்தில் போலீஸைக் கூப்பிடுகின்றன, தேவையான இடத்தில் மறைக்கின்றன.

ஒரு மாணவன் "எனக்குப் பசங்களைத்தான் பிடிக்குது" என்று சொல்வது போக்சோ (சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) விஷயமே இல்லை. ஈர்ப்பு குற்றமில்லை, 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம், தன்பாலின உறவைக் குற்றமாக்கியிருந்த 377ஆம் பிரிவைக் குறுக்கிவிட்டது. ஆனால் யாரோ தொட்டார்கள், மிரட்டிப் படம் வாங்கினார்கள், கழிப்பறையில் உடையை இழுத்தார்கள் என்றால் போக்சோ 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் போலீஸிடம் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவில் தண்டனை. செய்தது சக மாணவன் என்பதால் இது மாறாது; அவன் வழக்கு சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் போகும், அவ்வளவுதான்.

ஆபாசப் படம் வாட்ஸப் குழுவில் சுற்றினால், "ஆதாரம்" என்று ஆசிரியர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்வது நடக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவரின் படம் என்றால் அப்படிப் பரப்புவதே குற்றம். குழுவின் பெயர், அனுப்பிய எண், தேதி, நேரத்தைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு போலீஸிடம் போங்கள். வெறும் வசைச் செய்தி என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம், அழிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும்.

தற்கொலைக்கு முயன்ற பிள்ளை மேல் கேஸ் வரும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தாமதிக்கிறார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

"டாக்டர்கிட்ட காட்டி சரி பண்ணிரலாம்" என்று பெற்றோர் கேட்டால்: 2021 ஜூன் 7இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சுஷ்மா வழக்கில் ஈர்ப்பை மாற்றும் சிகிச்சைக்குத் தடை சொன்னார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் இது பற்றிப் பேச வேண்டும், பள்ளிகளில் இதை அறிந்த ஆலோசகர் வேண்டும், பாலினம் பிரிக்காத கழிப்பறை வேண்டும் என்ற யோசனைகளும் அந்த நீதிமன்ற ஆணையிலேயே உண்டு. நிர்வாகம் தயங்கினால் குறிப்பின் முதல் வரியில் அதைப் போடுங்கள். கோர்ட் பெயர் இருந்தால் கையெழுத்து சீக்கிரம் விழும்.

பதிவேடு ஒன்று வையுங்கள்: தேதி, இடம், சொன்ன வார்த்தை அப்படியே, பார்த்தவர்கள், என்ன செய்தோம். பாதிக்கப்பட்ட மாணவரின் பாலீர்ப்பு பற்றி ஒரு சொல்லும் அதில் இருக்கக் கூடாது. ஆய்வுக்கு வருபவர் முதல் அட்டெண்டர் வரை புரட்டும் புத்தகம் அது.

மைதானம்

கேலி நடக்கும் இடத்தை யாரும் சொல்லவில்லை. வகுப்பில் குறைவு. கழிப்பறை, பி.டி. பீரியடுக்கு உடை மாற்றும் நேரம், மதிய உணவு வரிசை, பீரியடுக்கு நடுவே அந்த ஐந்து நிமிடம், வேனின் கடைசி சீட். பள்ளி வரைபடத்தைப் பிரின்ட் எடுத்து 7ஆம் வகுப்பிலும் 9ஆம் வகுப்பிலும் பெயர் போடாமல் "பயமான இடத்தில் புள்ளி வை" என்று கொடுங்கள். புள்ளி குவியும் இடத்தில் டியூட்டி போடுங்கள். நாள் முழுக்க சிறுநீரை அடக்கிக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகளைக் கவனியுங்கள்.

'மாணவர் மனசு' புகார்ப் பெட்டி அலுவலக வாசலில் கேமராவுக்குக் கீழே இருந்தால் காலியாகத்தான் இருக்கும்.

இரு தரப்பையும் உட்கார வைத்துக் கைகுலுக்க வைக்கும் பஞ்சாயத்தைத் தயவுசெய்து குறிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். இது இரண்டு பேர் சண்டை இல்லை, ஒருவன் மேல் பலர். சமாதானம் முடிந்து வெளியே வந்ததும் "போட்டுக் குடுத்தல்ல" என்று ஆரம்பிக்கும். தனித்தனியாகப் பேசுங்கள். இடம் மாற்றுவதென்றால் கேலி செய்தவனை மாற்றுங்கள். பாதிக்கப்பட்டவனை முதல் பெஞ்சுக்கு இழுத்தால் அவனுக்குத்தான் தண்டனை மாதிரித் தெரியும். எடுத்தவுடன் டி.சி. என்று மிரட்டுவதும் வேலைக்காகாது, அவ்வளவு பெரிய தண்டனை என்றால் பார்த்தவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அதைவிட முக்கியம்: ஆசிரியரே அந்த வார்த்தையைச் சொல்லிச் சிரிப்பது. அது நிற்காமல் மாணவர்களிடம் நிற்காது.

சாக்பீஸ்

மூவருக்கும் நன்றி. இரண்டு கேள்வி மிச்சம். ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி போதுமா? மருத்துவமனையிலிருந்து திரும்பி வரும் பிள்ளையை எப்படி வகுப்பில் சேர்ப்பது?

உளவியல்மேசை

பயிற்சி வேண்டும், அது மட்டும் போதாது. 10 ஐரோப்பிய நாடுகளில் 168 பள்ளிகள், 11,110 மாணவர்களை வைத்து நடந்த சேலே ஆய்வு 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்த பள்ளிகளில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. மாணவர்களோடு நான்கு வாரத்தில் மொத்தம் ஐந்து மணி நேரம், அதில் மூன்று மணி நேரம் நடித்துப் பார்க்கும் பயிற்சியாகச் செய்த பள்ளிகளில், ஓராண்டு கழித்துப் பார்த்தபோது புதிய தற்கொலை முயற்சிகள் ஏறத்தாழ பாதியாக இருந்தன. ஆகவே 9ஆம் வகுப்பு கால அட்டவணையில் ஐந்து பீரியட் கேளுங்கள். நண்பன் இப்படிச் சொன்னால் எந்தப் பெரியவரிடம் போவது என்பதுதான் அங்கே நடிக்க வேண்டிய காட்சி, ஏனென்றால் முதலில் தெரிவது நண்பனுக்குத்தான்.

திரும்பி வருபவருக்கு: வகுப்புக்குப் போகும் முன் அரை மணி நேரம் பிள்ளை, பெற்றோரில் ஒருவர், ஒரே ஒரு ஆசிரியர். வகுப்பில் என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளையிடமே கேளுங்கள். "உடம்பு சரியில்ல" என்றால் அதுவே. எல்லா ஆசிரியர்களுக்கும் விவரம் வேண்டாம், "ரெண்டு வாரம் ஹோம்வொர்க் கேக்காதீங்க, வெளிய போகணும்னா அனுப்புங்க" போதும். விட்டுப்போன ரெக்கார்டு நோட்டை ஒரேயடியாகக் கேட்பது பல இடங்களில் நடக்கும் தவறு. முதல் வாரம் தினமும், பிறகு மூன்று மாதம் வாரம் ஒருமுறை அந்த ஆசிரியர் ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து வந்த முதல் சில வாரங்களில்தான் மறுபடி முயலும் ஆபத்து அதிகம். அந்த நாட்களைக் காலண்டரில் முன்பே குறித்து, லீவு போட்டால் யார் பார்ப்பது என்றும் பெயர் எழுதி வையுங்கள்.