அம்பரேஜ் என்ற பழைய நிழல்: ‘டெட் மெட்டஃபர்’ தமிழில் என்ன?

மதுரை, மொழிபெயர்ப்பு வகுப்பு ஆசிரியை:

மடற்குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். வியாழன் மாலைக்குள் வகுப்புக் கையேட்டை ஜெராக்ஸ் கடையில் கொடுத்தாக வேண்டும். ஒரு சொல் மட்டும் நிற்கிறது. ‘டெட் மெட்டஃபர்’, அதாவது பழகிப் பழகி உருவகம் என்பதே மறந்துபோன சொல், என்பதற்கு மாணவர்கள் சிரிக்காமல் எழுதக்கூடிய தமிழ்ச்சொல் வேண்டும்.

நான் எடுத்துக்கொண்ட உதாரணம் ‘அம்பரேஜ்’. ஒருவர் ‘டேக் அம்பரேஜ்’ செய்தார் என்று ஆங்கில நாளிதழில் வந்தால், மனத்தாங்கல் கொண்டார், முகம் சுளித்தார் என்று எழுதுவோம். ஆனால் 15ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதற்கு நிழல் என்றுதான் பொருள். மூலம் லத்தீனின் ‘உம்ப்ரா’. குடையைக் குறிக்கும் ‘அம்ப்ரெல்லா’வும், கிரகணப் பாடத்தில் வரும் ‘பெனம்ப்ரா’வும் அதே குடும்பம். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், லேயர்ட்டீஸைப் பற்றிக் கேலியாக, அவனுக்கு நிகர் கண்ணாடியில் தெரியும் அவனேதான், பின்தொடர நினைப்பவன் வெறும் அம்பரேஜ் என்கிறான். அங்கேயும் அது நிழல்தான். கோபம் ஒன்றும் இல்லை.

17ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல் பல பக்கம் கிளைவிட்டது. மரநிழல், சாயல், சாடையாகத் தெரியும் அறிகுறி, ஐயம். அப்புறம், நம்மை மட்டம் தட்டிவிட்டார்களோ என்ற குறிப்பான ஐயம். 1670களில் ‘டேக் அம்பரேஜ்’ என்ற தொடர் வந்துவிட்டது. மற்றவை உதிர்ந்துபோக, இன்று இந்த ஒன்றுதான் பேச்சில் மிச்சம். நிழல் போய்விட்டது, மனத்தாங்கல் நிற்கிறது. இந்த நிலைக்கு என்ன பெயர் சொல்வது?

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, புதுச்சொல் எதற்கு? ஆகுபெயர் இருக்கிறதே. ‘ஒன்றன் பெயரான் அதற்கியை பிறிதைத் தொன்முறை உரைப்பன ஆகுபெயரே’ என்பது நன்னூல். ‘தொன்முறை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நேற்று ஒருவர் புதிதாகச் சொன்னது ஆகுபெயர் ஆகாது. வழிவழியாகச் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். நீங்கள் கேட்பது இதைத்தான். உவமையாகுபெயர் என்று எழுதி முடித்துவிடலாம்.

நிழலிலிருந்து சினம் எப்படி வந்தது என்றும் வியக்க வேண்டாம். ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்று உரியியலில் தொல்காப்பியர் ஒரே அடியில் சொல்லிவிட்டார். ‘முகம் கறுத்துப்போச்சு’ என்று இன்றும் சொல்கிறோம். கறுவுதல், ‘கறுவிக்கொண்டு திரிகிறான்’, எல்லாம் அந்தக் கறுப்புதான். நிழல் கறுப்பு, கறுப்பு வெகுளி. வெள்ளைக்காரன் சுற்றிவந்த வழியில் நாம் நேராகப் போயிருக்கிறோம்.

சென்னை, மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்:

ஐயா, மன்னிக்க வேண்டும், இரண்டு இடத்தில் எனக்கு இடிக்கிறது.

‘காளை வந்தான்’ உவமையாகுபெயர், சரி. ஆனால் நிஜக் காளையும் தெருவில் நடக்கிறது. கேட்பவருக்கு இரண்டும் தெரியும். அம்பரேஜைப் பேச்சில் சொல்பவருக்கு நிழல் நினைவிலேயே இல்லை. ஆகுபெயர் என்றால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். பாடமே அந்த வேறுபாட்டைப் பற்றியது.

இன்னொன்று, கறுப்பு வழியாகப் போனது நம் மொழி. அவர்கள் போன வழி வேறு. பிரெஞ்சில் ‘ஓம்ப்ராழே’ என்று ஒரு சொல் இருக்கிறது. தன் நிழலையோ பக்கத்து மர நிழலையோ கண்டு மிரண்டு ஒதுங்கும் குதிரைக்கு அப்படிச் சொல்வார்கள். தொட்டதற்கெல்லாம் சுருக்கென்று கோபித்துக்கொள்ளும் ஆளுக்கும் அதுவே. ஆக நிழல், மிரட்சி, சந்தேகம், கோபம் என்று வரிசை. நிறத்துக்கு அதில் வேலையில்லை. நம் பக்கம் தேடினால் ‘மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்ற பழமொழிதான் அதற்குக் கிட்டத்தில் வரும்.

இப்போது இளைஞர்கள் ஒருவரைக் குத்திப் பேசுவதை ‘த்ரோ ஷேட்’ என்கிறார்கள். ஷேட் என்றாலும் நிழல்தான். நியூயார்க்கில் திருநங்கையரும் ஒருபால் ஈர்ப்பினரும் ஆடை அலங்கார, ஆடல் போட்டிகள் நடத்தும் ‘பால்ரூம்’ வட்டாரத்திலிருந்து பரவிய வழக்கு. ஒரு நிழல் தூர்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு நிழல் முளைத்திருக்கிறது.

என் ஓட்டு ‘செத்த உருவகம்’. யாருக்கும் விளக்க வேண்டாம்.

யாழ்ப்பாணம், அகராதிப் பணியில் இருப்பவர்:

தம்பி, ‘செத்த’ என்பதைக் கையேட்டில் போட்டால் பிள்ளைகள் நாள் முழுக்கச் சிரிப்பார்கள். ‘இறந்த உருவகம்’ என்று போடுங்கோ, மரியாதையாக இருக்கும்.

நிழலையும் கோபத்தையும் பக்கத்தில் வைத்த குறள் ஒன்று இருக்கிறதே, ஒருவரும் சொல்லவில்லை. 1309: ‘நீரும் நிழலது இனிதே புலவியும் வீழுநர் கண்ணே இனிது.’ நிழலிலே கிடக்கிற தண்ணீர்தான் இனிக்கும். புலவியும், அதாவது ஊடலும், அன்பு உள்ளவரிடத்தில்தான் இனிக்கும். அம்பரேஜுக்குச் சரியான தமிழ் மனத்தாங்கல் அல்ல, புலவி என்றே எனக்குத் தோன்றுகிறது.

தஞ்சாவூர்:

அம்மையார் எடுத்துக்காட்டிய குறள் அருமை. ஆனால் அங்கே நிழல் நல்லது. நம் இலக்கியத்தில் நிழல் பெரும்பாலும் அடைக்கலம்தான், குடைநிழல், தாள்நிழல். 1034இல் ‘பலகுடை நீழலும் தங்குடைக்கீழ்க் காண்பர்’ என்று உழவரைச் சொல்வதும் அப்படித்தான். வெயிலில் நிற்கிற ஊர்க்காரனுக்கு நிழல் மீது கோபம் எங்கிருந்து வரும்?

‘இறந்த’ என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இறத்தல் என்றால் முதலில் கடத்தல். ‘வரம்பிறந்த’ என்றால் வரம்பு கடந்த. உயிர் நீங்குவது அப்புறம் ஏறிய பொருள். குறள் 310ஐப் பாருங்கள்: ‘இறந்தார் இறந்தார் அனையர் சினத்தைத் துறந்தார் துறந்தார் துணை.’ முதல் ‘இறந்தார்’ சினத்தில் அளவு கடந்தவர், இரண்டாவது செத்தவர். கடத்தல் என்ற பொருள் பேச்சிலிருந்து போய்விட்டது. எனவே ‘இறந்த உருவகம்’ என்ற தொடரில் ‘இறந்த’ என்பதே இறந்த உருவகம். இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்? ஆகுபெயரைக் கைவிடுகிறேன்.

சென்னை:

ஐயா, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மாணவர் ‘இறந்த’ என்றதும் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று போய்விடுவார். வினையாலணையும் பெயர் நடத்திய அதே வாரம் இதையும் நடத்தினால் தேர்வுத்தாளில் என்ன வரும் என்று யோசியுங்கள்.

கோவை, நீர்ப்பாசனத் துறையில் இருந்தவர்:

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இலக்கணம் எனக்கு அவ்வளவு தெரியாது. தம்பி போகிறபோக்கில் ‘நிழல் தூர்ந்த இடம்’ என்று எழுதியிருக்கிறார். அவரே அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. ‘தூர்ந்த உருவகம்’ என்று வைத்தால் என்ன?

தூர்ந்த குளம் செத்த குளம் அல்ல. எங்கள் வேலையில் இது அன்றாடம் பார்ப்பது. மேலே பார்த்தால் மேய்ச்சல் தரை மாதிரி இருக்கும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஆனால் மதகு அப்படியே இருக்கும். கருங்கல் தூண் இரண்டு மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அதை வைத்துத்தான் இது குளம் என்று கண்டுபிடிப்போம். வண்டலை எடுத்தால் அடுத்த மழையில் தண்ணீர் நிற்கும். உருவகமும் அப்படித்தானே? நாற்காலிக்குக் கால் இருப்பதை யாரும் நினைப்பதில்லை. ‘நிற்கிறதே, அதுக்குக் கால் வலிக்காதா’ என்று ஒரு குழந்தை கேட்டால் உருவகம் திரும்ப வந்துவிடுகிறது. செத்ததென்றால் எப்படி வரும்?

நகரத்துப் பிள்ளைகளுக்கு விளங்குமா என்று கேட்பீர்கள். ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பு நெருங்கினால் எல்லா நாளிதழிலும் தூர்வாரும் பணி பற்றிச் செய்தி வருகிறது. சொல் புதிது அல்ல.

யாழ்ப்பாணம்:

நல்ல சொல். ஊசிக்கு ஆங்கிலத்தில் கண், நமக்குக் காது. பட்டினத்தார் ‘காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே’ என்றார். அந்தக் காது தூர்ந்த உருவகம்தான். நாங்கள் நூல் கோக்கும்போது காதை நினைக்கிறோமா என்ன?

ஆனால் எனக்கு ஒரு ஐயம். நாற்காலிக் காலும் ஊசிக் காதும் சொன்னவுடனே தெரிகிறவை. வேறு இடத்தில் காலும் காதும் உயிரோடு இருக்கின்றன. அம்பரேஜின் நிழல் அகராதியைத் திறந்தால்தான் தெரியும். இரண்டுக்கும் ஒரே பெயர் போதுமோ?

சென்னை:

அக்கா கேட்டது சரியான கேள்வி. முதல் வகைக்குத் தூர்ந்தது, இரண்டாவதற்கு ‘மாய்ந்த உருவகம்’ என்று பிரிக்கலாம். ஆங்கிலத்திலும் ‘டெட்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். நாமும் அப்படியே செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை.

மனத்தாங்கலை வேண்டாம் என்றாரே அக்கா, அதற்கு மட்டும் நான் எதிர்ப்பு. புலவி காதலர்க்கு உரியது. குறள் 1302இல் வள்ளுவர் அதை உப்பு மாதிரி அளவாகப் போடச் சொல்கிறார். அமைச்சருக்கும் செயலருக்கும் இடையில் புலவி என்று செய்தி எழுதினால் மறுநாள் என்ன ஆகும் என்று பாருங்கள்.

கோவை:

தாங்கல் என்றால் எங்கள் துறையில் சிற்றேரி. பழவந்தாங்கல், வேடந்தாங்கல். மனத்தாங்கலும் ஒருவகை நீர்நிலையோ என்று இத்தனை வருடம் நினைத்ததில்லை, இன்றைக்கு நினைத்தேன்.

தஞ்சாவூர்:

அந்தத் தாங்கல் வேறு, இந்தத் தாங்கல் தாங்குதல் என்ற வினையின் அடியில் வந்தது. நீரைத் தாங்கி நிறுத்துவதால் ஏரிக்கும் அப்பெயர் வந்தது என்பாரும் உண்டு. அப்படியானால் இரண்டும் ஒன்றே. விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

மதுரை:

ஐயா, தனி மடலிலேயே எழுதுங்கள், ஆவலோடு படிப்பேன். ஜெராக்ஸ் கடைக்காரர் போன் செய்துவிட்டார்.

‘தூர்ந்த உருவகம்’ என்று போட்டு, பக்கத்தில் கோவை அண்ணா சொன்ன மதகை ஒரு வரியில் சேர்த்திருக்கிறேன். நாற்காலி, ஊசிக் காது, அம்பரேஜ் மூன்றும் ஒரே தலைப்பில் இருக்கின்றன. மாய்ந்த உருவகத்தைத் தனியாகப் பிரிக்க எனக்கும் ஆசைதான். இரண்டு புதுச்சொல் ஒரே பக்கத்தில் வந்தால் பயந்துவிடுவார்கள். ஓம்ப்ராழே குதிரையை விடவில்லை, அது பாடத்தின் நடுவில் நிற்கிறது. கறுப்பும் சிவப்பும் பயிற்சி வினாவாக இருக்கிறது: ‘தமிழில் நிறம் வழியாகச் சினம் வந்தது, ஆங்கிலத்தில் எதன் வழியாக?’

யாழ்ப்பாணம்:

சரி. ஆனால் அகராதிக்கு நான் ‘தூர்ந்த’தும் ‘மாய்ந்த’தும் இரண்டு பதிவாகத்தான் எழுதப்போகிறேன். அம்பரேஜ் இரண்டாவதின் கீழ் வரும். பிள்ளைகள் யாராவது கேட்டால் குழுவில் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லுங்கோ.

தஞ்சாவூர்:

இருவர்.