‘டிடென்ட்’ என்பதற்கு ‘அமர்குழி’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தானியங்கிக் கியர்ப்பெட்டியின் தேர்வு நெம்புகோல் குறித்த நம் தமிழ்ச் சொற்பட்டியலில், ‘டிடென்ட்’ (detent: ஒவ்வொரு கியர் நிலையிலும் உருளை வந்து அமரும் பள்ளம்) என்பதற்குத் ‘தடுப்பு’, ‘நிறுத்தி’ என்னும் இரு சொற்கள் இதுவரை வந்துள்ளன. இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்களே. ஆனால் இந்தப் பொருளுக்கு அவை பொருந்தா என்பது மட்டுமன்று, பழைய உயர்விலைக் கார்களைப் பழுதுபார்க்கும் ஒருவரை அவை தவறான வழியில் செலுத்தக்கூடும் என்றும் கருதுகிறேன். எனவே ‘அமர்குழி’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

கியர்ப்பெட்டிக்குள் நடப்பதை முதலில் பார்ப்போம். ஓட்டுநர் கைநெம்பை நகர்த்தும்போது தண்டுகள் வழியாகவோ கம்பிவடம் வழியாகவோ அந்த அசைவு கியர்ப்பெட்டியின் பக்கவாட்டிலுள்ள சிறு நெம்புக்குச் சென்று, உள்ளே மேடும் பள்ளமுமாக வெட்டப்பட்ட ஓர் எஃகுத் தகட்டைத் திருப்புகிறது. வில்லின் அழுத்தத்தில் நிற்கும் ஓர் உருளை அத்தகட்டின் விளிம்பில் உருண்டு, ஒவ்வொரு நிலைக்கும் உரிய பள்ளத்தில் விழுந்து அமர்கிறது. எண்ணெய் அழுத்தத்தை எந்தப் பாதையில் விடுவது என்று தீர்மானிக்கும் வால்வு இந்தத் தகட்டோடு பிணைக்கப்பட்டிருப்பதால், கார் எந்த கியரில் இருக்கிறது என்பதை முடிவு செய்வது ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியும் முள்ளன்று, உருளை விழுந்திருக்கும் பள்ளமே. அந்தப் பள்ளம் எதையும் தடுப்பதில்லை. வந்து அமர இடம் கொடுக்கிறது. போதிய விசை கொடுத்தால் உருளை அதிலிருந்து ஏறி அடுத்த பள்ளத்துக்குப் போகும்.

தடுக்கும் வேலையைச் செய்வது வேறோர் உறுப்பு. கைநெம்பு நகரும் பாதையில் படிபடியாக வெட்டப்பட்ட வாயில்தான், கைப்பிடியைத் தூக்காமலோ பக்கவாட்டில் தள்ளாமலோ ரிவர்சுக்கும் (பின்செல் நிலை) பார்க்குக்கும் (காரைப் பூட்டி நிறுத்தும் நிலை) போகவிடாமல் தடுக்கிறது. ‘தடுப்பு’ என்ற சொல் அதற்கே உரியது. கைப்பக்கத்து உறுப்பையும் பெட்டிப்பக்கத்து உறுப்பையும் ஒரே சொல்லால் அழைத்தால், சரிசெய்தல் குறிப்பைத் தமிழில் எழுதவே முடியாது. 1979-இல் வந்த மெர்சிடிஸ்-பென்ஸ் டபிள்யூ126 வரிசையை எடுத்துக்கொள்வோம். அதன் செய்முறையைத் தமிழில் இப்படி எழுதலாம்: ‘இணைப்புத் தண்டைக் கழற்றுக, கியர்ப்பெட்டியின் நெம்பை நியூட்ரல் அமர்குழியில் வைக்க, கைநெம்பை நியூட்ரல் தடுப்பிலிருந்து ஏறத்தாழ 1 மி.மீ. இடைவெளியில் நிறுத்துக, தண்டு இழுபடாமலும் நெருக்கப்படாமலும் தானாகப் பொருந்தும் வரை அதன் நீளத்தை மாற்றுக.’ இதில் அமர்குழி, தடுப்பு ஆகிய இரண்டும் வருகின்றன. அந்த 1 மி.மீ. இடைவெளியின் நோக்கமே, கைநெம்பு தடுப்பின்மேல் சாய்ந்து நின்று உருளையைக் குழியில் முழுமையாக அமரவிடாமல் செய்வதைத் தவிர்ப்பதுதான். இரண்டுக்கும் ‘தடுப்பு’ என்று எழுதிவிட்டால், படிப்பவர் கைப்பக்கத்தை மட்டும் பார்த்துச் சரிசெய்துவிட்டு, பெட்டிப்பக்கத்தைப் பாராமல் விட்டுவிட வாய்ப்புண்டு.

அப்படி விட்டுவிட்டால் நேரும் ஆபத்து பெரிது. தண்டின் முனைகளிலுள்ள ரப்பர் அல்லது பிளாஸ்டிக் புஷ்கள் (மூட்டு உறைகள்) தேய்ந்த பழைய காரில், முள் பார்க்கைக் காட்டும்போதே உருளை பார்க்குக்கும் ரிவர்சுக்கும் இடைப்பட்ட மேட்டில் நின்றுகொண்டிருக்கலாம். சக்கரங்களைப் பூட்டும் நாக்கு அப்போது பல்லில் விழுந்திருக்காது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அதன் அதிர்வே உருளையை ரிவர்ஸ் குழிக்குள் தள்ளப் போதும். இறங்கி நிற்பவர் பின்னால் இருந்தால் தப்பிக்க நேரமிராது. அமெரிக்காவில் லிங்கன் உள்ளிட்ட ஃபோர்டு கார்கள் பார்க்கிலிருந்து ரிவர்சுக்குத் தாவுவதாக எழுந்த புகார்கள், 1966 முதல் 1980 வரையிலான கார்களின் உரிமையாளர்களுக்கு ஏறத்தாழ 2.3 கோடி எச்சரிக்கை ஒட்டிகளை அனுப்பும் உடன்பாட்டில் 1980-இல் முடிந்தன. கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். இறங்கும் முன் செய்ய வேண்டியதை ஓட்டுநருக்கு நினைவூட்டும் ஒட்டி எவ்வகையிலும் அதற்கு ஈடாகாது. முள் பார்க்கைக் காட்டியும் நாக்கு பூட்டாமல் நிற்கும் நிலைக்குப் ‘போலிப் பார்க்’ என்று முன்பு வந்த பரிந்துரையை ஏற்கிறேன்.

பூட்டும் உறுப்புக்கு ‘நாக்கு’ என்ற பெயரையே வைத்துக்கொள்ளலாம். கதவில் நாதாங்கி தாழ்ப்பாளைப் பிடித்துக்கொள்வது போலவே, வெளியேறு தண்டிலுள்ள பல்சக்கரத்தின் இடைவெளி இந்த நாக்கைப் பிடித்துக்கொள்கிறது என்பதால் விளக்கமே தேவைப்படாது.

‘பார்க்’ என்ற பதிவின் வரையறை மட்டும் திருத்தப்பட வேண்டும். ‘எல்லாத் தானியங்கிக் கியர்ப்பெட்டிகளிலும் உள்ள நிலை’ என்று இப்போது உள்ளது. 1955-இல் வந்த ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் கிளவுடில், ஜெனரல் மோட்டார்சின் ஹைட்ரா-மேடிக் வடிவமைப்பைக் கொண்ட நான்கு வேகப் பெட்டியில், பார்க் என்ற நிலையே இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு ரிவர்சில் போட்டால் அதுவே பூட்டாகும். முன்செல் நிலைகளின் கடைசியில், தாழ்ந்த கியரை ஒட்டியே ரிவர்ஸ் அமைந்திருந்த அந்த வரிசையை அமெரிக்கா 1968 முதல் அனுமதிக்கவில்லை. முன்செல்லும் நிலைகளுக்கும் ரிவர்சுக்கும் இடையில் நியூட்ரல் இருந்தாக வேண்டும் என்று விதித்தது.

1965-இல் வந்த சில்வர் ஷேடோவுக்கும் நம் சொல் பொருந்துமா என்று சோதித்துப் பார்த்தேன். அதில் திசைமாற்றித் தண்டிலுள்ள சிறு நெம்பு ஓர் ஆளி மட்டுமே (சுவிட்சைக் குறிக்கும் ஆளி என்ற ஈழத்து வழக்கு நமக்கும் நன்கு உதவும்). கியர்ப்பெட்டியின் நெம்பை நகர்த்துவது மின்மோட்டார். விரல் பட்டாலே நிலை மாறிவிடும் என்பதால், எஞ்சின் ஓடும்போது வேலை செய்பவர் நெம்பைப் பார்க்கில் வைப்பதோடு நில்லாமல், உருகிப் (ஃபியூஸ்) பலகையிலுள்ள கியர்மாற்றுத் துண்டிப்பானையும் கழற்றிவிட வேண்டும் என்பது பட்டறைக் கையேட்டு விதி. இங்கே கைப்பக்கத்துக்கும் பெட்டிப்பக்கத்துக்கும் இடையே தண்டே இல்லை. ஆயினும் பெட்டிக்குள் அமர்குழி இருக்கிறது. சொல் பொருந்துகிறது.

நியூட்ரலிலும் பார்க்கிலும் மட்டும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் விடும் உறுப்புக்குத் ‘தொடக்கக் காப்பு ஆளி’ என எழுதலாம். அது தண்டைச் சரிசெய்த பின்னரே சரிசெய்யப்பட வேண்டியது என்பதைப் பதிவிலேயே சேர்க்க வேண்டுகிறேன். வரிசை மாறினால், தவறாக நிற்கும் தண்டுக்கு ஏற்ப ஆளியும் தவறாக அமைந்துவிடும்.

பட்டியலுக்கான வரையறை: ‘அமர்குழி: கியர்ப்பெட்டியினுள் தேர்வுத் தகட்டின் விளிம்பில் ஒவ்வொரு நிலைக்கும் உரியதாக வெட்டப்பட்டு, வில்லழுத்தத்தில் நிற்கும் உருளை வந்து அமரும் பள்ளம், கைநெம்பின் வாயிலிலுள்ள தடுப்பினின்றும் வேறானது.’ கைநெம்பின் அந்தப் படிபடியான வாயிலுக்கு எனக்கு இன்னும் நிறைவான சொல் கிடைக்கவில்லை. ‘படிவாயில்’ என்பது வீட்டு வாசற்படியை நினைவூட்டுவதால் தயங்குகிறேன். மாற்றுச் சொல் உள்ளவர்கள் எழுதுங்கள்.