தனியாக மீன்பிடிக்கையில் படகிலிருந்து தவறி விழாமல் இருக்க என்ன செய்வது?

கேள்வி: பாக் நீரிணையில் அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) பொருத்திய ஃபைபர் படகில் தனியாகவே செல்கிறேன். சென்ற வாரம் வலையை இழுக்கையில் கால் வழுக்கியது. விளிம்பைப் பிடித்ததால் தப்பினேன். நன்றாக நீந்துவேன். அது போதுமா?

பதில் 1: போதாது, ஐயா. எஞ்சின் ஓடும்போது விழுந்தால் படகு உங்களை விட்டுப் போய்விடும், அல்லது வட்டமடித்துத் திரும்பி வந்து விசிறியால் வெட்டவும் கூடும். ஆகவே, நீங்கள் விழுந்தால் இழுபட்டு எஞ்சினை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டிக்கொள்ள ஒருநாளும் தவறாதீர்கள். பலர் அதை எஞ்சினிலேயே தொங்கவிட்டிருப்பதைக் காணும்போது மனம் பதைக்கிறது.

பதில் 2: எஞ்சின் நின்றாலும் காற்று படகைத் தள்ளிச் செல்லும், நனைந்த உடையோடு விளிம்பைப் பற்றி ஏறுவது இளைஞருக்கே கடினம். நீரில் இருந்தபடியே எட்டும் வகையில் கயிற்று ஏணி ஒன்றைக் கட்டி, ஆழமற்ற இடத்தில் ஏறிப் பழகுங்கள். லைஃப் ஜாக்கெட்டைப் பெட்டியில் வைக்காமல் அணிந்தே இருங்கள். சிறுநீர் கழிக்க விளிம்பில் நிற்காதீர்கள், வாளி இருக்கிறது.

பதில் 3: கைபேசியை நீர்புகா உறையிலிட்டு உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள். இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554, கடலோரக் காவல்துறையின் எண் 1093. கரையிலிருந்து வெகுதூரம் போனால் கைபேசிச் சமிக்ஞை கிடைக்காமல் போகலாம் என்பதால், திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டே புறப்படுங்கள்.