புதுப்பிப்பு: 150 கேபி-க்குள் அடங்காத தமிழ் பேனர் – சரியாகிவிட்டது

போன வாரம் கேட்டது இதுதான்: அசையும் விளம்பரங்கள் செய்யும் மென்பொருளான கூகுள் வெப் டிசைனரில் முதன்முறையாகச் செய்த 300×250 'ஆடிக் கொண்டாட்டம்' பேனரின் ஜிப் கோப்பு 232 கேபி, விளம்பரத் தளத்தின் வரம்பு 150. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் படங்களைச் சுருக்கினேன். 20 கேபி கூடக் குறையவில்லை. எடையெல்லாம் தமிழ் ஃபான்டில்தான். "இரண்டு வரிக்கு முழு ஃபான்ட் எதற்கு? எஸ்விஜி (கோட்டு வடிவங்களாலான படம்) ஆக்குங்கள்" என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் வேலை செய்தது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுத்தைப் பாத் (கோட்டு வடிவம்) ஆக மாற்றிச் சேர்த்ததும் 88 கேபி. மாற்றும் முன் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. (எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.)

பாத் ஆக மாற்றும் முன்பே வந்த எதிர்பாராத சிக்கல், எழுத்தெழுத்தாகத் தோன்ற வைக்கும் ஸ்கிரிப்ட். 'கொ' வர வேண்டிய இடத்தில் முதலில் வெறும் 'க', அடுத்து புள்ளி வட்டத்தைச் சுற்றிக் கொம்பும் காலும்! யூனிகோடில் 'கொ' என்பது இரண்டு குறியீடுகள். ஸ்கிரிப்ட் அதை நடுவில் பிளந்துவிட்டது. இப்போது சொல் சொல்லாக வருகிறது.

அசைவு ஓயாமல் திரும்பத் திரும்ப ஓடியதால் பேனரை ஒருமுறை நிராகரித்தார்கள். 30 விநாடிக்குள் அசைவு நிற்க வேண்டுமாம். 10 விநாடி, மூன்று சுற்று என்று வைத்தேன். நேற்று அனுமதி வந்துவிட்டது.