பொன்னும் கர்ப்பூரமும்: 'புஷ்பா' பாடல்கள், நம் அனுபவங்கள்

2022 தொடக்கத்தில் வேலூரிலிருந்து திருப்பதிக்கு இரவு பஸ்ஸில் போனேன். காட்பாடியைக் கடந்து ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததும் ஓட்டுநர், 'புஷ்பா' என்ற தெலுங்குப் படத்தின் 'ஸ்ரீவள்ளி' பாட்டைப் போட்டார். அதுவரை அந்தப் பாட்டைத் தமிழில் மட்டுமே கேட்டிருந்தேன். சித் ஸ்ரீராமின் அதே குரல், அதே மெட்டு. முதல் வரி பாதி போகும்வரை தமிழ் என்றே நினைத்திருந்தேன்.

பக்கத்து இருக்கையில் சித்தூர்க்கார அம்மா ஒருவர் இருந்தார். தமிழும் நன்றாகப் பேசினார். "இந்த வரிக்கு என்ன பொருள் அம்மா?" என்று கேட்டேன்.

"அவளுடைய பார்வை பொன்னாகிவிட்டதாம், பேச்சு மாணிக்கமாகிவிட்டதாம் தம்பி" என்றார்.

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. தெலுங்கில் பாடலாசிரியர் சந்திரபோஸ் பொன்னை வைத்த அதே இடத்தில், தமிழில் எழுதிய விவேகா கர்ப்பூர தீபத்தை ஏற்றி வைத்திருக்கிறார்! டப்பிங் பாட்டு எழுதுகிறவருக்கு மெட்டின் அளவு பிசகக் கூடாது. திரையில் நடிகரின் உதடு ஒட்டும் இடத்தில் ப, ம போன்ற எழுத்து விழ வேண்டும். அத்தனை நெருக்கடிக்குள்ளும் ஸ்ரீவள்ளி என்ற பெயருக்குப் பொருத்தமாகக் கோயில் மணக்கும் ஒரு சொல்லைத் தேடிப் பிடித்திருக்கிறார். 'டப்பிங் பாட்டுதானே' என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் இப்போதெல்லாம் நான் விடுவதில்லை. திருப்பதி வரும்வரை அந்த அம்மா வரிவரியாகப் பொருள் சொல்லிக்கொண்டே வந்தார்.

* * *

பஸ் பயணம் பற்றி எழுதிய அண்ணாவுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் அதே படத்தின் 'சாமி சாமி' பாட்டுதான். தெலுங்கில் தெலங்கானாவின் நாட்டுப்புறப் பாடகி மௌனிகா யாதவ் பாடியதைத் தமிழில் பாட ராஜலட்சுமியை அழைத்தார்கள். அவரும் மேடை மேடையாக மண்ணின் பாட்டைப் பாடி வந்தவர். அந்தத் தேர்வுக்காகவே இசையமைப்பாளர் தேவி ஸ்ரீ பிரசாத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

என் அம்மா நாற்று நட்டவர். தொலைக்காட்சியில் இந்தப் பாட்டு வந்தபோது அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, "இது வெட்டவெளியில் பாடிப் பழகிய தொண்டை" என்றார். அப்பா போன பிறகு அவர் பாடியதே இல்லை. அன்று இரவு, யாரும் கேட்காமலே, நடவுப் பாட்டு ஒன்றைப் பாடினார். நான்கு அடிதான், ஐந்தாவது நினைவுக்கு வரவில்லை. கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறேன்.

* * *

நான் மாண்டலின் பயில்கிறேன். எங்கள் வாத்தியாருக்கு வகுப்பில் சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. ஆனால் தேவி ஸ்ரீ பிரசாத், கர்நாடக இசைக் கலைஞர் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸின் மாணவர் என்பதில் அவருக்கு அத்தனை பெருமை.

2023 ஆகஸ்டில், 'புஷ்பா' பாடல்களுக்காக தேவி ஸ்ரீ பிரசாத்துக்குத் தேசிய விருது அறிவித்தார்கள். மறுநாள் வகுப்புக்குப் போனால், வாத்தியார் நாங்கள் பயின்றுகொண்டிருந்த வர்ணம் என்ற இசைப்பாடத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, தாமே சுருதி சேர்த்து 'ஸ்ரீவள்ளி' பல்லவியை வாசித்தார். சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் ஒன்றுகூடச் சேர்க்காமல், மெட்டு உள்ளபடியே. முடித்ததும், "ஸ்ரீநிவாஸ் இருந்திருந்தால் இன்றைக்கு ஐம்பத்து நான்கு வயது" என்றார். 2014-இல் அவர் மறைந்தபோது வயது 45.

பிறகு எங்களையும் வாசிக்கச் சொன்னார்.